பொது நூலகத்துக்கு விக்கி தேவையா?

கேள்வி, பிப்ரவரி 3

எங்களுடையது நடுத்தர அளவுப் பொது நூலகம். இரண்டு கிளைகள், ஊழியர் 11 பேர். ஒருவர் விடுப்பில் போனால் அவர் வேலையை எப்படிச் செய்வது என்று மற்றவர்களுக்குத் தெரிவதில்லை. குறிப்புகள் பாதி வாட்ஸ்அப் குழுவில், பாதி வேர்டு கோப்பில், மீதி மூத்த ஊழியர்களின் தலைக்குள். ஒரு விக்கி வைக்கலாம் என்றேன், அதாவது எல்லோரும் பக்கம் எழுதவும், மற்றவர் எழுதியதைத் திருத்தவும் முடிகிற ஒரு தளம். "அதெல்லாம் 2006 காலத்து ஃபேஷன்" என்று தலைமை நூலகர் சிரித்துவிட்டார். நூலகத்தில் விக்கி வைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? வாசகர்களுக்கும் அதைத் திறந்துவிடலாமா?

பதில், பிப்ரவரி 4, காலை

வைத்துப் பார்த்தேன், இரண்டு முறை. முதல் விக்கி படுத்துவிட்டது. என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன்.

முன்பு வேலை பார்த்த நூலகத்தில், மூலையில் கிடந்த பழைய கணினியில் மீடியாவிக்கியை நிறுவினேன். காசில்லாமல் கிடைக்கும் மென்பொருள். விக்கிப்பீடியா ஓடுவதும் அதில்தான், அதனால் எங்களையும் தாங்கும் என்று கணக்கு. முதல் மாதம் ஒரே அமர்க்களம். ஆளாளுக்குப் பக்கம் தொடங்கினார்கள். நான்காவது மாதம் 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தைத் திறந்தால் வரிசையாக என் பெயர் மட்டும் நின்றது. எழுத ஆள் இல்லை. அவ்வளவுதான் கதை.

பிப்ரவரி 4, இரவு

அந்த '2006 காலத்து ஃபேஷன்' பேச்சைக் காலையில் விட்டுவிட்டேன். உங்கள் தலைமை நூலகர் சொல்வது பாதி சரி.

முதல் விக்கியை வார்டு கன்னிங்ஹாம் என்ற நிரலாளர் 1995 மார்ச் 25 அன்று இணையத்தில் வைத்தார். நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் அனுபவத்தைத் தங்களுக்குள் பேசிக்கொள்ள அது. பெயரை ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய பேருந்திடமிருந்து எடுத்துக்கொண்டார். ஹவாய் மொழியில் விக்கி என்றால் விரைவு. இதை எங்கள் ஊழியர் கூட்டத்தில் பெருமையாக விளக்கியபோது, "விக்கல் மாதிரி இருக்கிறதே" என்றார் ஒருவர். கடைசிவரை அங்கே அதற்கு விக்கல் என்றே பெயர். "விக்கல்ல போட்டாச்சா?"

விக்கிப்பீடியா 2001 ஜனவரியில் வந்தது. நூலகர்களுக்கு ஆசை பிடித்தது அதற்கும் சில ஆண்டுகள் கழித்து. 2005-இல் சிகாகோவில் நடந்த அமெரிக்க நூலகச் சங்க மாநாட்டுக்கு மெரிடித் ஃபார்க்கஸ் என்ற நூலகர் ஒரு விக்கி வைத்தார். அதே ஆண்டு, நூலகங்கள் தாங்கள் செய்து பலன் கண்டவற்றை எழுதி வைக்க 'லைப்ரரி சக்சஸ்' விக்கியையும் அவரே தொடங்கினார். இந்தியானா மாநிலத்தின் செயின்ட் ஜோசப் கவுண்டி பொது நூலகம் தன் பொருள் வழிகாட்டிகளை, அதாவது ஒரு பொருள் பற்றி எதைப் படிக்கலாம் என்று சொல்லும் பக்கங்களை, மீடியாவிக்கியில் கட்டியது. பிரின்ஸ்டன் பொது நூலகம் 2006 கோடைகால வாசிப்புத் திட்டத்துக்காக, வாசகர்கள் நூல் மதிப்புரை எழுதும் 'புக்லவர்ஸ்' விக்கியை நடத்தியது. ஆக, 2006 என்று அவர் குறி பார்த்துத்தான் அடித்திருக்கிறார்.

பொருள் வழிகாட்டி வேலையைப் பின்னால் லிப்கைட்ஸ் மாதிரி, நூலகங்களுக்கென்றே செய்த மென்பொருள்கள் எடுத்துக்கொண்டன. ஊழியர்களின் உள்வேலைக் குறிப்புக்கு விக்கி இன்னும் பல இடங்களில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் கேள்வியும் அதைப் பற்றித்தானே.

பிப்ரவரி 5

நேற்றுக் காலையில் எழுதியது தப்பு. எழுத ஆள் இல்லை என்றேனே, அது என் ஞாபகம் சொன்ன கதை.

அந்த விக்கியின் காப்புப் பிரதி என்னிடம் இருந்தது. ராத்திரி உட்கார்ந்து, யார் எப்போது எதை மாற்றினார் என்று காட்டும் 'வரலாறு' தாவலை ஒவ்வொரு பக்கத்திலும் பார்த்தேன். எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். கதவு காப்பவர் வரை எழுதியிருக்கிறார், மின்சாரம் போனால் எந்த விசையை முதலில் போட வேண்டும் என்று, படம் வரைந்து. ஆனால் ஒருவர் எழுதிய பக்கத்தை இன்னொருவர் தொட்டதாக வரலாறே இல்லை. நான் தொட்டிருக்கிறேன், நிர்வாகி என்பதால். வேறு யாரும் தொடவில்லை.

'தொலைந்த அட்டை' என்று ஒரு பக்கம். உறுப்பினர் அட்டையைத் தொலைத்துவிட்டு வருபவருக்குப் புது அட்டை கொடுப்பது எப்படி என்று மூத்த நூலகர் ஒருவர் எழுதியது. மூன்றாவது படியில் ஒரு படிவத்தைச் சொல்லியிருந்தார். அந்தப் படிவம் நிறுத்தப்பட்டுப் பல மாதமாகியிருந்தது. புதிதாக வந்த பெண் அதைக் கண்டுபிடித்தாள். 'தொகு' என்ற பொத்தான் கண்ணெதிரே இருக்கிறது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? 'தொலைந்த அட்டை (புதியது)' என்று தனிப் பக்கம் போட்டாள். அதில் கட்டண விவரம் விட்டுப்போயிருந்தது. அதைக் கவனித்த இன்னொருவர் 'தொலைந்த அட்டை - சரியானது' என்று மூன்றாவது பக்கம் போட்டார்.

ஒரு சனிக்கிழமை, இரவல் மேசையில் நல்ல கூட்டம். ஒருவர் அட்டையைத் தொலைத்துவிட்டு நிற்கிறார். தேடினால் மூன்று பக்கம் வருகிறது. மேசையில் இருந்தவர் கணினியை விட்டுவிட்டு உள்ளே எட்டிக் கத்தினார்: "அட்டை தொலைஞ்சா என்ன பண்ணணும்?" உள்ளிருந்து பதில் வந்தது. சரியான பதில்.

மறுநாள் யாரோ சரியான முறையை ஒரு தாளில் அச்செடுத்து மேசை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டினார்கள். சில மாதம் கழித்து அந்தத் தாளைப் பார்த்தேன். நீல மையில் ஓர் அடித்தல், சிவப்பு மையில் ஒரு சேர்ப்பு, ஓரத்தில் தேதி, பக்கத்தில் சுருக்கொப்பம். நான்கு பேர் கை பட்டிருந்தது. திரையில் தொடப் பயந்த அதே நான்கு பேர்.

பிப்ரவரி 5, மாலை

"பெயர் போடாமல் தொகுக்க வசதி செய்துவிட்டால் கூச்சம் போய்விடுமே" என்று கேட்டவருக்கு: 11 பேர் வேலை செய்யும் இடத்தில் பெயரில்லாத திருத்தம் மொட்டைக் கடுதாசிதான். யார் எழுதியது என்று கண்டுபிடிப்பதிலேயே அன்றைய பொழுது போய்விடும்.

பிப்ரவரி 7

கொஞ்சம் தடம் மாறுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விக்கியில் ஒரே வகைப் பக்கங்களைச் சேர்த்துக் கட்டுவதற்குத் தமிழில் 'பகுப்பு' என்று பெயர். நூலகத்தில் பகுப்பு என்றால் வேறு. புத்தக முதுகில் ஒட்டும் எண். இந்த ஒரே சொல்லால் எங்களுக்கு மூன்று வாரம் போனது.

புத்தகம் ஓர் அலமாரியில் ஓர் இடத்தில்தான் நிற்க முடியும். அமெரிக்க நூலகர் மெல்வில் டியூவி, நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் தன் முறையை 1876-இல் வெளியிட்டதிலிருந்து நூலகர்களின் மூளை அந்த ஓர் இடத்தைத் தேடியே பழகிவிட்டது. விக்கிப் பக்கம் அப்படியில்லை. 'பிரிண்டரில் காகிதம் சிக்கினால்' என்ற பக்கத்தைக் கருவிகள், காலைத் திறப்பு வேலைகள், கிளை நூலகம் என்று மூன்று பகுப்பிலும் போடலாம். எங்கள் ஆள் ஒருவர் ஒப்பவே இல்லை. அதற்கு டியூவி எண்ணே கொடுத்துவிட்டார், புள்ளிக்குப் பின்னால் நான்கு இலக்கத்தோடு. ஒரு பொருளுக்குப் பல முகம் உண்டு என்பதை நம் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1933-இலேயே கோலன் பகுப்பு முறையில் காட்டிவிட்டார் என்று வாதாடினேன். "அவரும் கடைசியில் ஓர் எண்தானே போட்டார்?" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் தேநீர் குடிக்கப் போனேன்.

உருப்படியாக உதவியது 'வழிமாற்று' என்ற சின்ன வசதி. விதிப் புத்தகத்தில் அது தாமதக் கட்டணம். வாசகர் வாயில் அபராதம். ஊழியர் வாயில் ஃபைன். மூன்று சொல்லில் எதைத் தட்டினாலும் ஒரே பக்கத்துக்குப் போகிற மாதிரி வழிமாற்று போட்டேன். பட்டியலாக்கத்தில் இருந்தவர் பார்த்துவிட்டு, "இது நம்ம 'காண்க' அட்டைதானே" என்றார். அதேதான். அட்டைப் பட்டியல் காலத்தில், தேடிய தலைப்பில் ஓர் அட்டை இருக்கும், வேறு தலைப்பைக் 'காண்க' என்று. அன்றிலிருந்து அவர் வழிமாற்றுகளாகப் போட்டுத் தள்ளினார். சொன்னேனே, புதுப் பக்கம் போடுவதற்கு யாருக்கும் தயக்கமே கிடையாது.

பிப்ரவரி 8

சேவை மேசையில் வாசகர்கள் கேட்கும் கேள்விகளையும் பதில்களையும் விக்கியில் சேர்த்து வைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வைக்கலாம், நல்ல பயன் உண்டு. திரும்பத் திரும்ப வரும் கேள்விக்கு ஒருமுறை தேடினால் போதும்.

ஆனால் யார் கேட்டார் என்பதை எழுதாதீர்கள். எங்களிடம் ஒருவர், "இவர் மறுபடி வந்தால் சொல்ல" என்று ஒரு வாசகரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி வைத்துவிட்டார். கண்ணில் பட்டதும் அழித்தேன். அழித்தபிறகுதான் உறைத்தது, அது வரலாற்றுத் தாவலில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. விக்கியின் பலமே எதையும் மறக்காததுதான். இந்த மாதிரி நேரத்தில் அதுவே கழுத்தைப் பிடிக்கும். பழைய பதிப்புகளை மறைக்க நிர்வாகியால் முடியும், ஆனால் அப்படி ஒன்று அங்கே கிடப்பது முதலில் தெரிய வேண்டுமே.

இன்னொன்று. மீடியாவிக்கி எல்லோரும் படிப்பதற்காகக் கட்டியது. இந்தப் பக்கத்தை இவர் மட்டும் பார்க்கலாம், அந்தப் பக்கத்தை அவர் பார்க்கக் கூடாது என்று பூட்டுப் போடும் வேலைக்கு அது லாயக்கில்லை. கடவுச்சொல், ஊழியர் மீதான புகார் இதெல்லாம் அதில் ஏறவே கூடாது.

பிப்ரவரி 10

வாசகர்களுக்குத் திறப்பது பற்றி.

ஊழியர் விக்கியையும் வாசகர் விக்கியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். இரண்டும் இரண்டு நிறுவல். நாங்கள் வாசகர்களுக்கு வைத்தது உள்ளூர் வரலாற்று விக்கி. நூலகத்தில் இருந்த பழைய புகைப்படங்களை ஏற்றி, தெரிந்ததை எழுதுங்கள் என்று விட்டோம். கணக்குத் தொடங்க ஒரு தடையும் வைக்கவில்லை. 'திறந்த மனம்' என்று அப்போது அதற்குப் பேர் வைத்திருந்தோம். ஒரு வாரம் கழித்துக் காலையில் வந்து பார்த்தால் செருப்பு விளம்பரம், கடன் விளம்பரம், முடி வளர்க்கும் எண்ணெய். நூற்றுக்கணக்கில். எல்லாம் ராத்திரியில் தானியங்கி நிரல்கள் செய்த வேலை.

கணக்குத் தொடங்குகிறவரிடம் நாமே எழுதிய கேள்வி ஒன்றைக் கேட்கும் வசதி மீடியாவிக்கியில் உண்டு. "நூலக வாசலில் எத்தனை படிகள்?" என்று வைத்தேன். விளம்பரம் நின்றது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தபோது, சக்கர நாற்காலியில் வரும் வாசகர் ஒருவர் மேசைக்கு வந்தார். "நான் சாய்தளத்தில் வருகிறேன். படியை எண்ணியதே இல்லை" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், எனக்குத்தான் முகம் வைக்க இடமில்லை. அன்றே கேள்வியை மாற்றினேன்: "உறுப்பினர் அட்டையின் நிறம் என்ன?"

அந்த விக்கியில் நான் மிகவும் விரும்பியது பேச்சுப் பக்கங்கள், ஒவ்வொரு பக்கத்தோடும் அதைப் பற்றி விவாதிக்க இருக்கும் தனி இடம். ஒரு தெருவின் பழைய படம். கீழே நாங்கள் போட்டிருந்த ஆண்டு தப்பு என்று ஒரு முதியவர் எழுதினார். எப்படிச் சொல்கிறீர்கள் என்று இன்னொருவர். படத்தின் வலது ஓரத்தில் விளக்குக் கம்பம் இருக்கிறது பாருங்கள், அது நட்ட வருடம்தான் என் தம்பி பிறந்தான் என்று இவர். பிறகு நூலகத்தில் இருந்த பழைய செய்தித்தாள் தொகுதியைப் புரட்டிச் சரிபார்த்தோம். அவர் சொன்னது ஒரு வருடம்தான் தள்ளியிருந்தது, நாங்கள் போட்டது ஒன்பது வருடம்.

படம் கொடுப்பவரிடம் அனுமதி எழுதி வாங்கிவிடுங்கள். மற்றவர்களும் பயன்படுத்த அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ஏதாவது ஒன்றை முதல் நாளே முடிவு செய்யுங்கள். பின்னால் ஒவ்வொருவராகத் தேடிப் போய்க் கேட்பது பெரும்பாடு.

பிப்ரவரி 10, இரவு

சொல்ல விட்டது: சொந்த விக்கிதான் வேண்டும் என்றில்லை. விக்கிப்பீடியாவிலேயே நூலகர்கள் செய்ய வேலை இருக்கிறது. 2016-இல் விக்கிப்பீடியாவின் 15-ஆவது பிறந்தநாளை ஒட்டி, ஒவ்வொரு நூலகரும் ஒரு சான்றாவது சேர்க்க வேண்டும் என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். ஆண்டுதோறும் நடக்கிறது. மற்றவர்களிடம் இல்லாத அச்சு நூல் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 'சான்று தேவை' என்று நிற்கும் வரிக்குப் பக்க எண்ணோடு ஒரு சான்று போட எவ்வளவு நேரம் ஆகும்? அங்கே போய் ஊரார் பக்கத்தைத் தொட்டுப் பழகினால் உள்ளேயும் கூச்சம் போகுமோ என்னவோ. நாங்கள் செய்து பார்க்கவில்லை.

பிப்ரவரி 11

காப்பு எடுப்பது பற்றி, சுருக்கமாக. இலவசமாக இடம் தரும் சேவையை நம்பினால் அது மூடும் நாளையும் நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளிகளும் நூலகங்களும் நிறையப் பயன்படுத்திய விக்கிஸ்பேசஸ் 2018-இல் கடையை மூடத் தொடங்கியது. சொந்தக் கணினி என்றால் வட்டு போகும். எங்களுடையது போனது. மீடியாவிக்கி தரும் எக்ஸ்எம்எல் காப்பில் எழுத்தும் வரலாறும் இருக்கும், படக் கோப்புகள் வழக்கமாக இருக்காது. அவற்றைத் தனியாக எடுக்க வேண்டும். இது எனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்காதீர்கள். கதவு காப்பவர் வரைந்த படம் போயே போய்விட்டது.

பிப்ரவரி 13

"பகிர்ந்த ஆவணம் ஒன்றே போதும், எதற்கு விக்கி?" 11 பேருக்குப் போதலாம். ஆனால் அதில் 'பரிந்துரை' என்று ஒரு வசதி இருக்கிறது பாருங்கள், திருத்தாமல் திருத்தலாமா என்று கேட்டு வைப்பது. எங்கள் ஆட்கள் அதில் குடியே போய்விடுவார்கள். ஓரமெல்லாம் பரிந்துரையாக நிற்கும், ஏற்பதற்கு ஆள் வராது.

விக்கியில் கேட்டு நிற்க இடமில்லை. மாற்று, பிடிக்கவில்லையென்றால் மற்றவர் மீளமைக்கட்டும், பழையபடி ஆக்கட்டும்.

பிப்ரவரி 14

வேண்டாம் என்று முதலில் சொன்னதை இன்று மாற்றிக்கொள்கிறேன். இப்போது இருக்கும் நூலகத்தில் இரண்டாவது விக்கி ஓடுகிறது. ஏன் ஓடுகிறது என்று இவ்வளவு நாள் யோசிக்காமல் இருந்திருக்கிறேன்.

இங்கே விக்கி தொடங்கிய வாரம், தலைமை நூலகர் தானே ஒரு பக்கம் எழுதினார். புத்தகங்களைக் கழிப்பது பற்றி. எதை வைப்பது, எதை எடுப்பது, யார் கையெழுத்து. கூட்டத்தில் திரையில் போட்டார். பயிற்சிக்கு வந்திருந்த பையனைக் கூப்பிட்டு, "இதில் வேண்டுமென்றே ஒரு தப்பு வைத்திருக்கிறேன். கண்டுபிடித்துத் திருத்து, இப்போதே" என்றார். பையன் எங்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்தான். தப்பு எளிதானது, பதிவேட்டின் பெயர் மாறியிருந்தது. திருத்தினான். சேமிக்கும் முன் 'சுருக்கம்' என்ற பெட்டி வருமே, என்ன மாற்றினேன் என்று எழுத? அதில் "மன்னிக்கவும் மேடம்" என்று எழுதினான்.

அது இன்னும் வரலாற்றில் இருக்கிறது. அதற்கு மேல் இப்போது நிறையச் சேர்ந்துவிட்டது. "பெயர் மாற்றம்." "இது இப்போது இல்லை." "தேதி தப்பு." போன மாதம் அதே பையன்: "தப்பு."

பிறகு ஒரு வழக்கமும் வைத்தோம். கதவு திறக்கும் முன் பத்து நிமிடம், ஒருவர் ஒரு பக்கத்தை எடுத்து, அதில் எழுதியிருக்கிறபடியே அந்த வேலையைச் செய்து பார்க்க வேண்டும். இடிக்கிற இடத்தை அங்கேயே மாற்ற வேண்டும். தான் எழுதிய பக்கத்தை எடுக்கக் கூடாது.

விரும்பிய பதில் கிடைக்கத் தப்பான பதிலை எழுதி வை என்று கன்னிங்ஹாமே சொல்லியிருக்கிறார் அல்லவா, எங்கள் தலைமை நூலகர் செய்தது அதுதான்.

பிப்ரவரி 15

ஒருவர் உடனே பிடித்துவிட்டார், நன்றி. 'கன்னிங்ஹாம் விதி' என்று அது சுற்றுகிறதே தவிர, தான் அப்படிச் சொல்லவில்லை என்று கன்னிங்ஹாம் மறுத்திருக்கிறார். நேற்றைய கடைசி வரியை அடித்ததாக எடுத்துக்கொள்ளுங்கள். (தப்பாக எழுதினேன், சரியான பதில் வந்தது. சரி, விடுங்கள்.)

பிப்ரவரி 19

கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, தலைமை நூலகர் மூன்று மாதம் சோதனைக்கு ஒப்புக்கொண்டதாக எழுதியிருக்கிறார். எந்தப் பக்கத்தோடு தொடங்குவது என்று கேட்கிறார். தொலைந்த அட்டை.

இடையில் எனக்கு ஒன்று நடந்தது. 'பிற நூலகத்திலிருந்து புத்தகம் வரவழைத்தல்' என்ற பக்கம் நான் எழுதியது. விதிவிலக்கு, விதிவிலக்குக்கு விதிவிலக்கு எல்லாம் சேர்த்து மூன்று திரை நீளம். நேற்றுத் திறந்தால் நான்கு வரி இருக்கிறது. சுருக்கப் பெட்டியில் ஒரே சொல்: "நீளம்."

சுர்ரென்று வந்தது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துவிட்டு, நேரே வரலாற்றுத் தாவலுக்குப் போய் மீளமைக்கப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துக் கிளையிலிருந்து தொலைபேசி. பக்கத்து மேசைக்காரர் எடுத்தார். வேறு நூலகப் புத்தகம் ஒன்று ஒரு வாசகருக்கு வேண்டுமாம், எப்படி என்று கேட்கிறார்கள். இவர் திரையைப் பார்த்து அந்த நான்கு வரியையும் ஒரே மூச்சில் படித்தார். "அவ்வளவுதானா?" என்று அந்தப் பக்கம் கேட்டது எனக்கே கேட்டது. "அவ்வளவுதான்" என்று வைத்துவிட்டார்.

தாவலை மூடிவிட்டேன். விதிவிலக்குகளை மட்டும் பேச்சுப் பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறேன்.